பெங்களூர் எங்கேயும் ஓடிவிடாது

கடைசி செமஸ்டர் முடிந்து, கேம்பஸ் தேர்வில் பெயர் வராமல், "பெங்களூர் போய்ப் பாத்துக்கலாம்" என்று பையைக் கட்டிக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. பெங்களூரில் மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். நீங்கள் அனுப்பும் ரெஸ்யூமை முதலில் திறப்பவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: வேலையைக் கையில் வாங்கிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்புங்கள். முதலில் கிளம்பிவிட்டு, அங்கே போய்த் தேடலாம் என்று இருக்காதீர்கள். இதற்கு விலக்குகள் உண்டு, அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

"அங்க போனாத்தான் கிடைக்கும்" என்று உங்களுக்குச் சொல்லும் சித்தப்பாவையோ பக்கத்து வீட்டு அண்ணனையோ நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் காலத்தில் அது உண்மை. செய்தித்தாளில் வாக்-இன் விளம்பரம் வரும், ஃபைலைத் தூக்கிக்கொண்டு காலை ஏழு மணிக்கே கம்பெனி வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். ஊரில் இருந்தவனுக்கு அந்த விளம்பரம் கண்ணில் படுவதற்குள் தேர்வே முடிந்திருக்கும். இன்றைக்கு அப்படி இல்லை. ஒரு பொறியியல் பட்டதாரியை எடுக்கும்போது முதல் சுற்று ஆன்லைன் தேர்வு, இரண்டாவது சுற்று வீடியோ அழைப்பு. கோவிட் காலத்தில் வந்த இந்த வழக்கம் பெரும்பாலும் அப்படியே தங்கிவிட்டது. பெங்களூர் பிடிஎம் லேஅவுட்டில் ஆறுக்கு எட்டு அறையில், பக்கத்துக் கட்டிலில் ஒருவன் தூங்க, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேட்டி கொடுக்கும் பையனும், சங்கரன்கோவிலில் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் பெண்ணும் என் திரையில் ஒரே அளவு சதுரத்தில்தான் தெரிகிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான். அந்தப் பையனுக்கு இந்த மாத வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது.

நேரில் போவதற்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஆள் மாற்றிப் பேட்டி கொடுப்பதும், செயற்கை நுண்ணறிவைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பதில் படிப்பதும் பெருகிவிட்டதால், கடைசிச் சுற்றையாவது நேரில் வைக்க வேண்டும் என்று நிறுவனங்கள் மறுபடி யோசிக்கின்றன. கூகுளின் சுந்தர் பிச்சையே 2025-இல் ஒரு சுற்றாவது நேரில் வைக்கப்போவதாகச் சொன்னார். ஆனால் அதற்குத் தேவை ஒரு பகல். தூத்துக்குடி–மைசூரு ரயிலோ, நாகர்கோவில்–பெங்களூர் ரயிலோ, மடிவாளாவில் விடியற்காலையில் இறக்கிவிடும் ஆம்னி பஸ்ஸோ போதும். இரவு ஏறி, பேட்டி முடித்து, மறு இரவு திரும்பிவிடலாம். நான்கு முறை இப்படிப் போய்வந்தாலும் ஒரு மாதப் பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) செலவு ஆகாது.

பிஜி செலவு என்று சும்மா சொல்லிவிட்டுப் போகக் கூடாது. இரண்டு பேர் தங்கும் அறை இடத்தைப் பொறுத்து 8,000 முதல் 12,000 ரூபாய். காலையும் இரவும் சாப்பாடு உண்டு, மதியம் உங்கள் பாடு. உள்ளே போகும்போது அட்வான்ஸ் ஒரு மாதமோ இரண்டு மாதமோ கேட்பார்கள், அதில் "பராமரிப்பு" என்று ஒரு தொகை திரும்பி வராது. நான்கு பேர் சேர்ந்து வீடு எடுக்கலாம் என்றால் ஐந்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது சாதாரணம், பத்து மாதம் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் சொல்கிறது. அது வெறும் மாதிரிச் சட்டம்தான், வீட்டுக்காரரிடம் காட்டினால் சிரிப்பார்.

செலவைவிடப் பெரிய சிக்கல், எந்தப் பக்கம் தங்குவது என்பது. வேலை எங்கே என்று தெரியாமல் அறை எடுப்பவர்கள் பெரும்பாலும் சீனியர் இருக்கும் இடத்தில் எடுக்கிறார்கள். பிறகு வேலை ஒயிட்ஃபீல்டில் கிடைக்கும், அறை எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும். மஞ்சள் தட மெட்ரோ 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக ஆர்.வி. ரோடு வரை ஓடத் தொடங்கியது பெரிய நிம்மதிதான். ஆனால் அதில் ஏறி ஒயிட்ஃபீல்ட் போக வேண்டுமென்றால் ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்துக்கு மாறி, நகரத்தின் நடுவரை போய் மறுபடி கிழக்கே வர வேண்டும். மான்யதா டெக் பார்க்கில் கிடைத்தால் இன்னொரு கதை. வேலை கிடைத்த பிறகு ஆபீசுக்கு நடந்து போகும் தூரத்தில், இல்லையென்றால் ஒரே மெட்ரோ தடத்தில் அறை தேடினால் தினமும் மூன்று மணி நேரம் மிச்சம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த மூன்று மணி நேரம் எவ்வளவு பெரியது என்று சேர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வாடகை ஓடும் ஆளுக்கு மூன்றாவது மாதத்தில் புத்தி வேறு மாதிரி வேலை செய்யும். வீட்டிலிருந்து பணம் கேட்கக் கூச்சம். அப்பா போனில் "என்னப்பா ஆச்சு" என்று கேட்பதற்குள் வைத்துவிடத் தோன்றும். அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு "கன்சல்டன்சி" வரும். மாரத்தஹள்ளியிலும் பிடிஎம்மிலும் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டியிருக்கும் பயிற்சி மைய விளம்பரங்களில் நல்லவையும் உண்டு. ஆனால் "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று தொடங்கி, பயிற்சிக்குப் பணம் கட்டியதும், "ஃப்ரெஷர்னு போட்டா யாரும் கூப்பிடமாட்டாங்க, மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுக்கலாம், கம்பெனி லெட்டர், சம்பளச் சீட்டு எல்லாம் நாங்களே தர்றோம்" என்று முடியும் இடங்களும் இருக்கின்றன. இன்னொரு வகை "பேக்டோர்" வேலை. ஒரு லட்சம், இரண்டு லட்சம் கொடுத்தால் பெரிய நிறுவனத்தில் நேரடியாக உட்காரவைப்பதாகச் சொல்வார்கள். வாடகைக்கு எடுத்த ஆபீஸ் ஒன்றில் பேட்டியும் நடக்கும், கழுத்தில் மாட்ட அடையாள அட்டையும் வரும். சேர வேண்டிய நாளில் போனால் காவலாளி உள்ளே விடமாட்டார்.

பொய் அனுபவம் போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வேலையில் சேர்ந்தபின் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். உங்கள் பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணை வைத்து, எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை பணம் கட்டப்பட்டது என்று பார்ப்பார்கள். மூன்று வருடம் வேலை பார்த்ததாகச் சொல்லும் ஆளுக்கு ஒரு மாதப் பிஎஃப்கூட இல்லை என்றால் அங்கேயே கதை முடிந்தது. 2022 இறுதியில் அக்செஞ்சர், போலி அனுபவக் கடிதங்களோடு வேலையில் சேர்ந்தவர்களை இந்தியாவில் வெளியேற்றியதாக வெளிப்படையாகவே அறிவித்தது. இப்படி வெளியேறும் பையன்களில் பலர் கெட்டிக்காரர்கள். ஊரில் இருந்தபடி இன்னும் ஆறு மாதம் படித்திருந்தால் ஃப்ரெஷராகவே உள்ளே வந்திருக்கக்கூடியவர்கள். வாடகைதான் அவர்களை அவசரப்படுத்தியது.

ஆள் எடுக்கும் நிறுவனம் உங்களிடம் காசு வாங்காது. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், சரிபார்ப்புக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே எழுந்துவிடுங்கள். கடிதம் ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தால் சந்தேகப்படுங்கள். கம்பெனியின் பெயரை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.

சரி, ஊரில் இருந்தபடி எப்படித் தேடுவது? நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் "தற்போதைய ஊர்" என்றும் "விரும்பும் ஊர்" என்றும் தனித்தனியே கேட்கும். முதலாவதில் உண்மையைப் போடுங்கள், இரண்டாவதில் பெங்களூரைப் போடுங்கள். நாங்கள் தேடும்போது இரண்டையும் வைத்துத்தான் வடிகட்டுகிறோம். வேலை கிடைக்கட்டும் என்று சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு பெங்களூரில் இருப்பதாகப் போடுபவர்கள், "நாளைக் காலை பத்து மணிக்கு நேரில் வாங்க" என்றதும் தொண்டை கட்டிக்கொண்டது, பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் பாட்டிகளை நாங்கள் நிறையச் சந்தித்துவிட்டோம். "ஊரில் இருக்கிறேன், வேலை உறுதியானால் பத்து நாளில் வந்து சேர்ந்துவிடுவேன்" என்று நேராகச் சொல்பவரை யாரும் அதற்காக ஒதுக்குவதில்லை. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் நோட்டீஸ் காலம் மூன்று மாதம்வரை போகிறது. அவர்களுக்கே காத்திருக்கும் நாங்கள் உங்கள் பத்து நாளுக்கு யோசிக்கமாட்டோம்.

சீனியர்களிடம் ரெஃபரல் கேட்பதில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். "அண்ணா, உங்க கம்பெனில ஏதாவது வேகன்சி இருந்தா சொல்லுங்கண்ணா" என்ற செய்திக்கு அந்த அண்ணனால் ஒன்றும் செய்ய முடியாது. எது உங்களுக்குப் பொருந்தும் என்று அவர்தான் தேட வேண்டும், அவருக்கு நேரமில்லை. நீங்களே கம்பெனியின் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பார்த்து, பதவியின் எண்ணையும், அந்தப் பதவிக்கென்று திருத்திய ரெஸ்யூமையும், ஏன் பொருந்துவீர்கள் என்று மூன்று வரியும் சேர்த்து அனுப்பினால் அவர் இரண்டு நிமிடத்தில் உள்ளே போட்டுவிடுவார். பல நிறுவனங்களில் அவருக்கு அதற்கு ஊக்கத்தொகையும் உண்டு, எனவே கூச்சப்படாதீர்கள். கோப்புக்கு உங்கள் பெயரை வையுங்கள். "ரெஸ்யூம் ஃபைனல் நியூ 2" என்று ஒரே நாளில் முப்பது கோப்பு எனக்கு வருகிறது.

வேலை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே பெட்டி கட்டலாமா? பொறுங்கள். "தேர்வாகிவிட்டீர்கள்" என்ற மின்னஞ்சல் வேறு, சம்பளமும் பதவியும் சேரும் தேதியும் போட்ட கடிதம் வேறு. முதலாவதை நம்பி அறைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2022-இல் இன்ஃபோசிஸ் தேர்ந்தெடுத்த புதியவர்களில் பலர் சேரும் தேதிக்காக இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்து, 2024 இறுதியில்தான் உள்ளே போனார்கள். அவர்களில் பலர் உட்பட 300க்கும் மேற்பட்ட பயிற்சி ஊழியர்களை, உள்தேர்வில் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். பெரிய பெயர் என்பதற்காகத் தேதி இல்லாத கடிதத்தின்மேல் கடன் வாங்கக் கூடாது.

கடிதத்தில் போட்டிருக்கும் ஆண்டுத் தொகையை அப்படியே பன்னிரண்டால் வகுத்து வீட்டில் சொல்லிவிடாதீர்கள். 3.6 லட்சம் என்றால் மாதம் 30,000 கையில் வராது. நிறுவனம் கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, காப்பீடு எல்லாவற்றையும் அந்தத் தொகைக்குள்தான் அடக்கியிருப்பார்கள். பிஎஃப் மட்டும் குறைந்தபட்சக் கணக்கில் அவர்கள் பங்கு 1,800, உங்கள் பங்கு 1,800. கைக்கு 25,000 சொச்சம் வந்தால் சரி. அதில் பிஜி, பஸ், மதியச் சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். கல்விக்கடன் தவணை தொடங்கப்போகும் பிள்ளைகள் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை ஆண்டு விலகமாட்டேன் என்று எழுதித் தரும் பாண்டு ஒன்றை நீட்டுவார்கள். "அதெல்லாம் சட்டப்படி செல்லாது, கையெழுத்துப் போடு" என்று நண்பர்கள் சொல்வார்கள். அப்படி ஒட்டுமொத்தமாகச் சொல்ல முடியாது. மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்றது. அது பொதுத்துறை வங்கி, சூழ்நிலையும் வேறு. ஆனாலும் எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். "எங்களிடமே இருக்கட்டும்" என்றால் கொடுக்காதீர்கள்.

வீட்டில் பெரியவர்கள் வேறொரு பயத்தைச் சொல்வார்கள். கன்னடக்காரர்களுக்குத்தான் இனி வேலை என்று சட்டம் வந்துவிட்டதாமே? வரவில்லை. நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதமும் மற்றவற்றில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கு என்று 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. தொழில்துறை கொதித்ததும் இரண்டு மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள். இதேபோல 75 சதவீதம் ஒதுக்கிய ஹரியானா சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2016-இல் காவிரிப் பிரச்சினையில் தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிந்த படத்தை இன்னும் மறக்காத அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்த நாட்கள் மோசமானவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் என் அன்றாடம் அப்படி இருந்ததில்லை. நாலு வாக்கியம் கன்னடம் பேச முயல்பவரிடம் கடைக்காரரும் ஆட்டோக்காரரும் தமிழிலேயே பதில் சொல்வார்கள். முயலாதவரிடம்தான் முகம் இறுகும். நம் ஊருக்கு வந்து ஆண்டுக்கணக்கில் ஒரு சொல் தமிழ் பேசாதவரைப் பார்த்தால் நமக்கு வருகிற அதே எரிச்சல்தான்.

(பைக்கைக் கொண்டுபோகும் தம்பிகளுக்கு மட்டும்: டிஎன் பதிவெண் வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வரியும் கட்ட வேண்டும். முதல் வருடம் வண்டியை அப்பாவிடமே விட்டுவிட்டுப் போங்கள்.)

பெங்களூர் வேண்டும் என்பவர்களில் பலருக்கு ஓசூர் ஞாபகத்துக்கே வருவதில்லை. நாற்பது கிலோமீட்டர்தான். மெக்கானிக்கலும் எலெக்ட்ரானிக்ஸும் டிப்ளமோவும் படித்தவர்களுக்கு அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன், டாடா எலெக்ட்ரானிக்ஸ் என்று அங்கேயே ஆலைகள் இருக்கின்றன. ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டே பெங்களூர்ப் பேட்டிகளுக்குப் போய்வருபவர்களை எனக்குத் தெரியும். அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம், அவ்வளவுதான் தூரம். மென்பொருள்தான் வேண்டும் என்பவர்களுக்கும் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ இருக்கிறது, தூத்துக்குடி, சேலம், விழுப்புரம் ஊர்களில் டைடல் நியோ பூங்காக்கள் வந்திருக்கின்றன. இடங்கள் குறைவுதான், ஆனால் முதல் இரண்டு வருட அனுபவம் எந்த ஊரில் கிடைத்தாலும் அது அனுபவம்தான். அதை வைத்துக்கொண்டு வரும் ஆளுக்கு நாங்களே போன் செய்வோம்.

இப்போது விலக்குகளுக்கு வருகிறேன். ஹோட்டல், கடை, டெலிவரி, கார் ஓட்டுவது போன்ற வேலைகளுக்கு வீடியோவில் யாரும் பேட்டி எடுப்பதில்லை. நேரில் போய் நின்றால்தான் உண்டு, போய்ச் சேர்ந்த வாரமே சம்பளமும் ஆரம்பித்துவிடும். அவர்களுக்கு என் கணக்குப் பொருந்தாது. இன்னொரு கூட்டம் தங்கைகள். பட்டம் வாங்கிய மறு மாதமே ஜாதகம் எடுத்துவிடும் வீடுகளில் "ஊரில் இருந்தபடி ஆறு மாதம் தேடு" என்று சொல்வது, தேடவே தேடாதே என்று சொல்வதற்குச் சமம். பேட்டி நேரத்தில் பெண் பார்க்க வந்தார்கள் என்று பாதியில் அழைப்பைத் துண்டித்தவளை நான் பார்த்திருக்கிறேன். அவள் மறுபடி அழைத்துக் காரணத்தையும் மறைக்காமல் சொன்னாள், வேறு நாளில் வைத்துக்கொண்டோம். அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவள் வேலை இல்லாமலே கிளம்பினால் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. மூன்று மாதச் செலவு உன் பெயரில் உள்ள கணக்கில் இருக்கட்டும், சான்றிதழ்களும் ஆதாரும் உன் கையில் இருக்கட்டும், எங்கே தங்குகிறாய் என்று நீ நம்பும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். பெங்களூர் தூரமாகப் பட்டால் கோயம்புத்தூரோ சென்னையோ முதலில் போகலாம். உன் தேவை தேடுவதற்கு ஓர் அறையும் ஒரு கதவும்தான்.

ஏற்கெனவே போய் உட்கார்ந்துவிட்டவர்கள் இதைப் படித்து மனம் சோர வேண்டாம். காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள். அதுவரை பார்ப்பது, கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி அங்கிருந்தே பேட்டிகளைத் தொடர்வது. அப்படித் திரும்புவதில் அவமானம் ஒன்றுமில்லை, தெருவில் நாலு பேர் நாலு நாள் கேட்பார்கள், ஐந்தாவது நாள் அவர்களுக்கு வேறு பேச்சு கிடைத்துவிடும். பிஜிக்காரர்கள் பெரும்பாலும் ஒரு மாத நோட்டீஸ் கேட்பார்கள். குறித்த தேதிக்கு ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப்பில் எழுத்தில் சொல்லி வையுங்கள், வேலை கிடைத்தால் "இன்னும் இருக்கிறேன்" என்று மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். வாயால் சொன்னதை நம்பிக் கிளம்பினால் அட்வான்ஸ் வராது.

அன்புடன்,
உங்கள் ஊர் அக்கா